சூளைக்குச் சென்ற சொட்டு மருந்து

நோயை வெல்வதற்கு மருந்து ஒன்றே போதும் என்று எண்ணுவோர் உளர். மருந்து கையில் இருந்தும், அதனை ஏற்கவேண்டிய மக்களின் நம்பிக்கை வாய்க்காவிடின் நோய் அகலாது என்பதற்கு, இளம்பிள்ளைவாதத்தை ஒழிக்க இந்தியா நடத்திய போராட்டம் தக்க சான்றாகும்.

இந்நோயை உலகிலிருந்தே ஒழிப்பதென 1988ஆம் ஆண்டில் உலக சுகாதார மகாசபை தீர்மானித்தது. 1995 முதல் இந்தியா எங்கணும் குறித்த நாட்களில் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து வழங்கப்பட்டது. நோய் பெரிதும் தணிந்தது. எனினும் 2002ஆம் ஆண்டில் 1,600 பேர் மீண்டும் அதற்கு இலக்காயினர். அவர்களுள் முக்காற்பங்குக்கு மேற்பட்டோர் உத்தரப் பிரதேசத்தினர்.

மருந்து சென்றடையாத குழந்தைகள் எங்கிருந்தனர்? பலர் செங்கற்சூளைகளிலும் கட்டிட வேலைத்தளங்களிலும் இருந்தனர். மழைக்காலம் கழிந்ததும் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஏழைக் குடும்பங்கள் பல, பிள்ளைகளுடன் பிழைப்புத் தேடிப் புறப்படும். சொந்த ஊருக்கு மருந்து வரும் நாளில் அவர்கள் அங்கில்லை. சென்ற இடத்துக் கணக்கிலோ அவர்கள் பெயர் இல்லை. இந்நோய்க் கிருமி தொற்றியோரில் ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவரே முடமாவர். ஏனையோரில் பெரும்பாலோர் நோயின் அடையாளம் எதுவுமின்றியே கிருமியை ஊருக்கு ஊர் கொண்டு செல்வர். ஆதலின் ஒரு சூளையைத் தவறவிடுவது ஒரு மாகாணத்தையே தவறவிடுவதற்கு ஒப்பாயிற்று.

மற்றொரு தடை ஐயம். இம்மருந்து மலடாக்கும் என்ற வதந்தி பரவியிருந்தது. மறுத்தோரைப் பழிப்பதை விடுத்து, மறுப்பதற்குக் காரணம் யாதென வினவியபோது வேறொரு விடையும் கிடைத்தது. குடிக்க நல்ல நீரில்லை, காய்ச்சலுக்கு மருந்தில்லை. இச் சொட்டு மட்டும் மீண்டும் மீண்டும் வாயில் தேடி வருவது ஏன் என்று தாய்மார் கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் இருந்தது.

அதன் பின்னர் வேலை முறை மாறிற்று. அவ்வவ்வூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பயிற்றப்பட்டு, வீடு வீடாகக் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிவு செய்தனர். இமாம்கள் பள்ளிவாசல்களிலிருந்து அறிவித்தனர். அலிகார், ஜாமியா மில்லியா பல்கலைக்கழகங்கள் துணைநின்றன. சூளைகள் எங்குள்ளன, குடும்பங்கள் எப்போது வரும், எப்போது திரும்பும் என்பன அவற்றை அறிந்தோரிடமே கேட்டு எழுதப்பட்டன. புகையிரத நிலையங்களிலும், சாத் போன்ற பண்டிகைகளுக்காக ஊர் திரும்புவோரிடையேயும் தொண்டர்கள் மருந்துடன் காத்திருந்தனர். 2009இல் நோய் வேரூன்றிய 107 வட்டாரங்கள் தெரிந்தெடுக்கப்பட்டு, சொட்டு மருந்துடன் தூய நீர், கழிவகற்றல், வயிற்றோட்டச் சிகிச்சை ஆகியவற்றிலும் கவனம் செலுத்தப்பட்டது.

2009இல் 741 ஆக இருந்த தொகை, 2010இல் 42 ஆயிற்று. 2011ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் திகதி மேற்கு வங்கத்தின் ஹௌராவில் நோயுற்ற ஒரு சிறுமியே கடைசியானவள். 2014 மார்ச் 27ஆம் திகதி உலக சுகாதார தாபனத்தின் தென்கிழக்காசியப் பிராந்தியம் இந்நோய் நீங்கியதெனச் சான்று பெற்றது. 1993இலேயே தன் கடைசி நோயாளியைக் கண்ட இலங்கையும் அப்பிராந்தியத்தைச் சேர்ந்ததே. அயல்நாட்டில் நோய் நிலவியவரை இலங்கைக்கும் அச்சான்று கிட்டவில்லை.

அன்னையரின் கேள்வி முன்னரே செவிமடுக்கப்பட்டிருந்தால், இன்று ஊன்றுகோலுடன் நடக்கும் இளைஞர் சிலராவது ஓடியாடித் திரிந்திருப்பர். சூளையில் வாழும் ஏழையும் தன் பிள்ளையின் நலத்தைச் சிந்திப்பவனே. அவனைக் கேட்டறிந்து செய்த பணியே இறுதியில் பயன் தந்தது.