'அடுத்து' பொத்தான் யார் கையில்?

இணையத்தில் பாடம் படிப்பவர்களுக்கு 'அடுத்து', 'முந்தைய' என்ற இரண்டு பொத்தான்களும் நன்றாகவே பழக்கம். சில பாடங்களில் பயிற்சியை முடிக்காமல் 'அடுத்து' அழுத்தினால் ஒன்றும் நடக்காது. எங்கே போவது என்று தீர்மானிப்பது மாணவரா, பாடமா? இந்தத் தகராறு இணையத்தை விடப் பழையது.

1950களில் ஹார்வர்டு உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் ஒரு கற்பிக்கும் இயந்திரம் செய்தார். சின்னச் சின்னக் கேள்விகள், எல்லோருக்கும் ஒரே வரிசை, குறுக்கு வழி கிடையாது. அமெரிக்க விமானப்படைப் பயிற்சியில் வேலை பார்த்த நார்மன் க்ரவுடர் வேறு மாதிரி யோசித்தார். அவருடைய புத்தகங்களில் பக்கங்கள் கலைந்து கிடக்கும். ஒவ்வொரு விடைக்கும் எதிரே ஒரு பக்க எண். தப்பான விடையின் பக்கத்துக்குப் போனால், எங்கே தவறினீர்கள் என்ற விளக்கம் இருக்கும். படித்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி முயல வேண்டும். காகிதத்திலேயே ஹைப்பர்லிங்க்!

1960-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் தொடங்கிய பிளேட்டோ கணினித் திட்டம் இரண்டையும் சேர்த்தது. அதன் விசைப்பலகையில் நெக்ஸ்ட், பேக், ஹெல்ப் என்று தனி விசைகளே வந்தன. ஹெல்ப் அழுத்தினால் துணைப்பாடம். முடிந்ததும் விட்ட இடத்துக்கே திரும்பலாம். எந்த விசை எங்கே கொண்டுபோகும் என்பதைப் பாடம் எழுதியவர் டியூட்டர் என்ற மொழியில் எழுதி வைப்பார்.

வலைப்பக்கங்களுக்கு அந்த வசதியைக் கொடுத்தது 1995-ல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட். மதிப்பெண்ணைப் பார்த்து பொத்தானைக் காட்டுவது, மறைப்பது எல்லாம் சில வரி நிரலில் முடிந்தது. பிறகு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆதரவில் ஸ்கார்ம் என்ற பொதுத்தரம் வந்தது. ஸ்கார்ம் 2004-ல், பாடம் தன் சொந்தப் பொத்தானை வைத்துக்கொண்டு ஜாவாஸ்கிரிப்ட் வழியாக 'அடுத்ததுக்குப் போ' என்று கேட்கலாம். ஆனால் அது வெறும் விண்ணப்பம்தான். 'முன்னோக்கி மட்டும்' என்று விதி இருந்தால் முந்தைய பாடம் கிடைக்காது.

இவ்வளவு கட்டுப்பாட்டிலும் ஒரு ஓட்டை: உலாவியின் சொந்த 'பேக்' பொத்தானுக்கு இந்த விதிகள் எதுவும் தெரியாது. அதனால் பல பாடங்கள் கருவிப்பட்டை இல்லாத தனிச் சாளரத்தில் திறக்கப்பட்டன. அப்படியும் பேக்ஸ்பேஸ் விசை மிச்சம் இருந்தது. விடைப்பெட்டிக்குள் கர்சர் இல்லாததைக் கவனிக்காமல் ஒரு எழுத்தை அழிக்கப் போனால், முந்தைய பக்கம் வந்து நிற்கும். எழுதியது போயே போச்சு. குரோம் உலாவி இந்தப் பழக்கத்தைக் கைவிட்டது 2016-ல்தான்.