முழங்கை நரம்பு அழுத்தம்

முழங்கையின் உட்புறத்தில் அல்நார் நரம்பு நெருக்குண்டு, சுண்டுவிரலும் மோதிர விரலின் ஒரு பாதியும் மரத்துப்போகும் கோளாறு முழங்கை நரம்பு அழுத்தம் எனப்படும். கை நரம்புகள் அழுந்தி வரும் கோளாறுகளில் மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துக்கு அடுத்தபடியாக மிகுதியாகக் காணப்படுவது இதுவே.

கதவு நிலையில் முழங்கை இடித்தால் சுண்டுவிரல் வரை ‘கரண்ட்’ அடித்தாற்போல் பாய்கிறதே, அது இந்த நரம்பில் பட்ட அடிதான். முழங்கையின் உள்பக்கப் புடைப்பெலும்புக்குப் பின்னால், தோலுக்குச் சற்றே அடியில், ஒரு குறுகிய குழிவு வழியாக அது செல்கிறது. அதன் மேல் நார்ப்பட்டை ஒன்று கூரைபோல் மூடியிருக்கும். கையை மடக்கும்போது கூரை இறுகி, குழிவு தட்டையாகி, நரம்பும் இழுபடுகிறது. கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்குபவர்களுக்கும், நெடுநேரம் கைபேசியைக் காதோடு வைத்துப் பேசுபவர்களுக்கும், மேசையில் முழங்கையை ஊன்றி வேலை செய்பவர்களுக்கும் தொல்லை வருவது இதனால்தான். சிறுவயதில் முழங்கை எலும்பு முறிந்து கோணலாகக் கூடியவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

முதலில் மதமதப்பு வந்து வந்து போகும். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். நாளடைவில் பிடி தளரும். சட்டைப் பொத்தான் போடுவதும் சாவி திருகுவதும் சிரமமாகும். புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதை வற்றிப் பள்ளம் விழுவது முற்றிய நிலை. இதைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இடுக்கச் சொல்லி மருத்துவர் இழுப்பார். நல்ல கையில் கட்டைவிரல் நேராக நின்று தாளைப் பிடித்துக்கொள்ளும். நலிந்த கையில் அதன் நுனிக்கணு மடங்கிவிடும். பலமிழந்த தசைக்குப் பதிலாக வேறொரு நரம்பின் தசை உதவிக்கு வருவதன் அடையாளம் அது. நரம்புக் கடத்தல் சோதனை அழுத்தம் எந்த இடத்தில் என்பதைக் காட்டும்.

தொழுநோயும் இதே நரம்பை முழங்கைக்குச் சற்று மேலே தடிக்கச் செய்து விரல்களை மடக்கிவிடும். அவ்வாறு மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தும் பணியில் 1946இல் வேலூர் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் முன்னோடி. எனவே தொழுநோயின் அடையாளமான உணர்ச்சியற்ற தேமல் உடலில் இருக்கிறதா என்று பார்க்காமல் வெறும் அழுத்தம் என முடிவுகட்டுவது பெரும் பிழை. அந்நோய்க்கு மருந்துச் சிகிச்சை தனி.

தொடக்க நிலையில் பலருக்குப் பழக்கத்தை மாற்றுவதே போதும். முழங்கையை ஊன்றாமல் இருப்பது, இரவில் கை முழுக்க மடங்காதபடி முழங்கையைச் சுற்றி ஒரு துண்டைத் தளர்வாகக் கட்டிக்கொள்வது அல்லது பட்டை அணிவது ஆகியவை பலன் தரும். சில மாதங்களில் குறையாவிட்டாலோ பிடி தளர்ந்தாலோ அறுவை தேவைப்படலாம். கூரைப் பட்டையை வெட்டி நரம்பைத் தளர்த்துவது ஒரு முறை. நரம்பைப் புடைப்பெலும்புக்கு முன்பக்கமாக நகர்த்தி வைப்பது மற்றொன்று. சேதமுற்ற நரம்பிழை நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து விரல் வரையுள்ள தொலைவைக் கடக்க அதற்கு ஓராண்டுகூட ஆகலாம். வலியும் மதமதப்பும் தணிந்தாலும், நெடுங்காலம் வற்றிய சதை முழுமையாகத் திரும்புவது அரிது.