மின்சைக்கிளுக்கு விளக்கு: பெட்டியில் உள்ள எண்ணை நம்பலாமா?

காலைப் பெரட்டுக்குப் போகிறவர்களும் இரவு வேலை முடிந்து திரும்புகிறவர்களும் மின்சைக்கிளில் செல்வதைத் தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் இப்போது பார்க்க முடிகிறது. தீபகற்பத்தில் காலை ஏழு மணிவரை சரியாக விடிவதில்லை. மாலை ஏழரைக்குமேல் செம்பனை மட்டைகளுக்குக் கீழே சாலை இருப்பதே தெரியாது. மலிவான வண்டிகளோடு வரும் விளக்கு, வண்டி வருவதை எதிரே வருபவருக்குக் காட்டும். ஓட்டுகிறவருக்குக் குழியைக் காட்டாது.

மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 7 மீட்டர். குழியையோ படுத்திருக்கும் மாட்டையோ கண்டு பிரேக்கைப் பிடிப்பதற்குள் 10 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த தாரில் வண்டி நிற்க இன்னும் ஆறேழு மீட்டர் வேண்டும். ஈரத்திலும் சரளையிலும் அதற்கும் மேல். ஆகவே 25 மீட்டர் தூரமாவது தெளிவாகத் தெரிய வேண்டும்.

விளக்கு வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது லூமன் கணக்கு. விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு அது. இணையக் கடைகளில் 3,000, 5,000 என்று போட்டிருப்பார்கள். எல்இடி விளக்கு ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் தரும் என்பதை நினைவில் வைத்தால் போதும். 5 வாட் விளக்கு 3,000 லூமன் தர வழியே இல்லை. உண்மையிலேயே 3,000 லூமன் தரும் விளக்குக்குச் சுமார் 30 வாட் தேவை. கையடக்க பேட்டரியில் அது அரை மணி நேரம் எரிந்தாலே பெரிது.

அதைவிட முக்கியம், அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது என்பது. டார்ச் லைட் போல வட்டமாக அடிக்கும் விளக்கு, வெளிச்சத்தில் பெரும்பகுதியை மரக்கிளைக்கும் எதிரே வருபவர் கண்ணுக்கும் கொடுத்துவிடுகிறது. குறுகிய தோட்டச் சாலையில் எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குக் கண் கூசினால் ஆபத்து இருவருக்கும்தான். கார் விளக்கைப் போல மேல்பகுதி வெட்டப்பட்டு, சாலையில் மட்டும் பாய்போல் விரியும் விளக்குகள் உண்டு. ஜெர்மனியில் சைக்கிள் விளக்கு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அங்கே அனுமதி பெற்ற விளக்கில் அலைபோன்ற கோடும் ‘கே’ எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். இவற்றின் திறனை லக்ஸ் அளவில் சொல்வார்கள். 10 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் எவ்வளவு செறிவாக விழுகிறது என்பதே அந்தக் கணக்கு. தெருவிளக்கு இல்லாத பாதைக்கு 70 லக்ஸுக்குக் குறையாமல் பார்ப்பது நல்லது. விலை கூடத்தான் செய்யும்.

வண்டியின் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுப்பதில் ஒரு லாபம் உண்டு. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 360 வாட்-மணி இருக்கிறது. 5 வாட் விளக்கு நான்கு மணி நேரம் எரிந்தாலும் அதில் 20தான் செலவு. ஆனால் பலர் விளக்கை எரித்துக்கொள்வதும் இங்கேதான். 36 வோல்ட் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆனதும் 42 வோல்ட் காட்டும். 48 வோல்ட் பேட்டரி 54.6 வரை போகும். ‘12 முதல் 48 வோல்ட்’ என்று எழுதிய விளக்கை 48 வோல்ட் வண்டியில் மாட்டினால் அது சீக்கிரமே போய்விடலாம். 60 அல்லது 80 வோல்ட் வரை தாங்கக்கூடியதை வாங்குவதே சரி. மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட் விளக்கை நேரடியாக இணைக்கவே கூடாது. இடையே வோல்ட்டைக் குறைக்கும் கன்வர்ட்டர் வேண்டும். சில மோட்டார்களில் விளக்குக்கென்றே 6 அல்லது 12 வோல்ட் இணைப்பு இருக்கும். அது இருந்தால் வேறெதையும் தொட வேண்டாம். இல்லாவிட்டால் பேட்டரிக்கு அருகில் சிறிய ஃபியூஸ் போடாமல் ஒயர் இழுக்கக் கூடாது. லித்தியம் பேட்டரியில் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

சிங்கப்பூரில் ஓட்டுபவர்களின் நிலை வேறு. அங்கே மின்சைக்கிள் 250 வாட், 20 கிலோ வரம்புக்குள் இருக்க வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு முத்திரையும் வேண்டும். அனுமதியின்றி வண்டியை மாற்றியமைப்பது குற்றம். எனவே யூஎஸ்பியில் சார்ஜ் செய்யும் தனி விளக்கே அங்கு தலைவலி இல்லாதது.

மழைக்கு ஐபிஎக்ஸ்5 அல்லது 6 என்ற குறியீடு இருந்தால் போதும். ஐபிஎக்ஸ்4 என்பது தெறிக்கும் தண்ணீரைத் தாங்குமே ஒழிய, நம்மூர் அடைமழைக்குப் போதாது. ஹேண்டில்பாருக்குமேல் மாட்டினால் மழைத்துளியில் வெளிச்சம் பட்டுக் கண்ணிலேயே அடிக்கும். முன்சக்கரத்துக்குச் சற்று மேலே மாட்டுவது மேல்.

மேல்பகுதி வெட்டப்பட்ட விளக்கின் கோணத்தைச் சரிபார்க்க, வண்டியைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். விளக்கு தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், சுவரில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அதைவிட 16 சென்டிமீட்டர் தாழ்ந்து விழ வேண்டும். அப்போது வெளிச்சம் சாலையில் 25 மீட்டர்வரை எட்டும்.

முன்விளக்குக்குச் செலவழித்துவிட்டுப் பின்னால் வெறும் சிவப்பு ரிஃப்ளெக்டரோடு ஓட்டுபவர்கள் நிறையப் பேர். பின்னால் வரும் லாரிக்காரருக்கு முன்விளக்கு தெரியாது. பிரேக் பிடித்தால் கூடுதலாக ஒளிரும் சிவப்பு விளக்கு கிடைக்கிறது; அதைச் சிமிட்டவிடாமல் நிலையாக எரியவிட வேண்டும். இருட்டில் சிமிட்டும் விளக்கை வைத்துத் தூரத்தைக் கணிப்பது கடினம். மழையில் ஓட்டி வந்த அன்று அதன் கண்ணாடியில் அப்பிய சேற்றையும் துடைத்துவிட வேண்டும்.