கச்சேரித் திடலின் வாசல்: விருதுநகர் வட்டாரத்தில் நிகழ்ச்சி உரிமமும் நுழைவுக் காவலும்

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கல், சிவகாசி பத்திரகாளியம்மன் சித்திரைப் பொங்கல், இருக்கன்குடியின் ஆடி வெள்ளி எனத் திருவிழாக்களால் நிறைந்தது இந்த மாவட்டத்தின் ஆண்டு. பெரும்பாலான ஊர்களில் ஒரு மேடை, ஒரு மைக் செட், இன்னிசைக் கச்சேரியோ ஆடல் பாடலோ இல்லாமல் பொங்கல் நிறைவதில்லை. கூட்டம் கூடும் இடத்துக்கு உரிமம் தருவது யார், அதன் வாசலில் நிற்பவரின் பொறுப்பு என்ன என்ற கேள்விகளுக்கு 130 ஆண்டுகளுக்கும் மேலான சட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் போக்கில் வாசல் மெல்லப் பார்வையிலிருந்து நழுவிவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதை மீட்பதற்கான அறிவு இம்மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளின் வாயிலிலேயே இருக்கிறது.

தொடக்கம் சென்னையில். 1886 டிசம்பர் 31 அன்று பீப்பிள்ஸ் பார்க் கண்காட்சியில் பற்றிய தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். இரண்டாண்டுக்குள் மதராஸ் மாகாணத்தில் 1888ஆம் ஆண்டின் பொதுமக்கள் கூடும் இடங்கள் சட்டம் வந்தது. 500 சதுர அடியும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடமோ அடைத்த இடமோ பொதுக் கேளிக்கைக்குப் பயன்பட வேண்டுமானால் உரிமம் வேண்டும் என்றது அது. கட்டடத்தோடு ‘அடைத்த இட’த்தையும் சேர்த்ததில் ஒரு தெளிவு இருக்கிறது. மூங்கில் தட்டி கட்டி நுழைவை ஒரு பக்கமாக ஒதுக்கியதுமே திறந்த திடலும் ஓர் அறையாகிவிடுகிறது. இதே காலத்தில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து விக்டோரியா அரங்கில் (1883 ஜூன் 16) 183 குழந்தைகள் மாடிப்படியின் அடியில் நெரிந்து இறந்தார்கள். உட்புறமாகத் திறக்கும் கதவை, ஒரு நேரத்தில் ஒரு குழந்தை மட்டும் நுழையும்படி தாழிட்டு வைத்திருந்தார்கள். வரிசையை ஒழுங்காக்கப் போட்ட தாழ்ப்பாளே அங்கே உயிரைக் குடித்தது. வாசல் காவலின் அடிப்படைச் சிக்கல் முழுவதும் அந்தத் தாழ்ப்பாளில் இருக்கிறது. உள்ளே வருவதைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடே வெளியேறுவதையும் தடுத்துவிடுகிறது.

விடுதலைக்குப் பிறகு இந்தக் கவலை சினிமாக் கொட்டகைக்குள் குடியேறியது. 1955ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் 1957ஆம் ஆண்டின் விதிகளும் ‘சி’ படிவ உரிமத்தின் வழியாகக் கொட்டகையின் உறுதி, மின்சாரம், தீயணைப்பு, வெளியேறும் வழி ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லின. 1965இல் பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் வந்தது. விதிகள் இருந்தும் 1979 ஜூலையில் தூத்துக்குடி லட்சுமி டாக்கீஸின் கீற்றுக் கொட்டகை எரிந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தில் மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டிலும் எரிந்தது கீற்று. ஆட்கள் வெளியே வர முடியாமல் போனதுதான் சாவைப் பெருக்கியது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பு, மக்கள் கூடும் கட்டடத்தின் வெளியேறும் கதவின் அகலம் 2 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்க முடிய வேண்டும் என்றது.

இதே நிலத்தில் வாசலைப் பற்றிய இன்னொரு மரபும் வளர்ந்தது. 1922இல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். 1940இன் வெடிமருந்து விதிகளுக்குப் பிறகு உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் எழுந்தன. இன்று நடப்பில் உள்ளவை 2008இன் விதிகள். ஆலை வாயிலில் தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் உள்ளே போகக்கூடாது. வாட்ச்மேன் சோதித்துத்தான் விடவேண்டும். அதே விதிகள் உற்பத்தி அறைக்குள் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்கின்றன. கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்கின்றன. ஆபத்து உள்ளே வராமல் பார்ப்பது, உள்ளே எத்தனை பேர் என்று அறிந்திருப்பது, ஓட வேண்டிய நொடியில் கதவு தடுக்காமல் இருப்பது ஆகிய மூன்றும் இங்கே ஒரே வேலையின் பகுதிகள். கச்சேரி வாசலுக்குத் தேவையானதும் இதுதான்.

இந்த ஒழுங்கு குலைந்தபோது என்ன ஆகும் என்பதும் இம்மாவட்டம் அறிந்ததே. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஓம் சக்தி ஆலை வெடித்தபோது மாண்டவர்களில் ஆலைத் தொழிலாளர் அல்லாதவர்கள் பலர் இருந்தார்கள். முதல் வெடியைக் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடி வந்த அக்கம்பக்கத்தவர்கள் அவர்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எழுத்தில் இருக்கும் நான்கு பேர் என்ற எண்ணை வாசலில் யாரும் எண்ணாவிட்டால் அது உயிரைக் காக்காது.

இனி திருவிழா மேடைக்கு வருவோம். கடந்த சில பத்தாண்டுகளில் ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டு, காவல் நிலையம் மறுத்ததும் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போவது விழாக் குழுக்களின் வழக்கமாகிவிட்டது. அங்கே தரப்படும் அனுமதியின் நிபந்தனைகள் இன்று கிராமத்து இளைஞருக்கும் தெரியும்: ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதியையும் கட்சியையும் தூக்கிப்பிடிக்கும் பாட்டோ பிளெக்ஸோ கூடாது, கலைஞர்கள் மது அருந்தியிருக்கக் கூடாது. ஒலிபெருக்கியின் இரவு 10 மணிக் கட்டுப்பாடு 2000இன் ஒலி மாசு விதிகளிலிருந்து வருகிறது. மோதல் வரலாறு உள்ள ஒரு வட்டாரத்தில் இவை தேவையானவை. குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இவை அனைத்தும் மேடையையே பார்க்கின்றன. தட்டி கட்டிய திடலுக்கு எத்தனை வழி, எத்தனை பேர் கொள்ளும், கூட்டம் நிறைந்ததும் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பவை அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. 1888 கேட்ட கேள்வி காணாமல் போன இடம் இதுதான்.

வாசலில் நிற்பவரும் மாறிவிட்டார். முன்பு ஊர்ப் பெரியவர்களும் இளைஞர்களும் நின்ற இடத்தில் இப்போது கருப்புச் சட்டைப் பவுன்சர்கள் நிற்கிறார்கள். 2005இன் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்தின் கீழ் அமைந்த விதிமுறைகளின்படி ஒரு காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும். பிரிட்டனில் 2001இன் சட்டம் வாசல் காவலரைத் தனியாக உரிமம் பெறும் தொழிலராக்கியது. 2021 முதல் முதலுதவித் தேர்ச்சியும் கட்டாயம். பயிற்சி ஏன் முக்கியம் என்பதற்குப் பிரேசிலின் கிஸ் இரவு விடுதி சான்று. 2013 ஜனவரி 27 அன்று அங்கே தீப்பற்றியதும் ஓடிவந்தவர்களை, பணம் கட்டாமல் போகிறார்கள் என்று எண்ணிக் காவலர்கள் முதலில் தடுத்தார்கள். 242 பேர் இறந்தார்கள். நமக்கு அருகில், 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாட்டுக் கச்சேரிக்காகக் காத்திருந்த கூட்டம் மழை தூறியதும் வாசலில் முண்டியது. நான்கு பேர் மாண்டனர். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் 41 பேரைப் பறிகொடுத்தோம். அது அரசியல் கூட்டம்; நெரிசலில் சிக்கிய உடலுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

சிவகாசிக்கு இதில் தனிக் கடமையும் உண்டு. கிஸ் விடுதியில் தீ மூட்டியது மேடை வாணவேடிக்கை. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தலில் பட்டாசுப் பொறி விழுந்து 48 பேர் இறந்தார்கள். 2016 ஏப்ரல் 10 அன்று கொல்லம் மாவட்டம் புற்றிங்கல் கோயிலில் 100க்கும் மேற்பட்டோர். நாடு முழுவதும் மேடைகளுக்கு ஒளி அனுப்பும் ஊர், தன் திடலின் வாசலை முதலில் சரிசெய்ய வேண்டும்.

விழாக் குழுவினருக்கும் காவல் ஆய்வாளர்களுக்கும் என் வேண்டுகோள்: அனுமதி மனுவோடு திடலின் வரைபடம் ஒன்றையும் இணையுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வழிகள், பூட்டில்லாத தட்டி, தலை எண்ணும் ஒருவர், நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர் அதில் இருக்கட்டும். ஆலையில் போர்மேனாகவோ வாட்ச்மேனாகவோ வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் பட்டாசு வட்டாரத்து ஊர்களில் நிச்சயம் கிடைப்பார். திருவிழா இரவில் வாசலை அவரிடம் கொடுங்கள்.