சூப்பர்சார்ஜர்: கூடிய குதிரைச் சக்தியும் கொடுத்த விலையும்

"சூப்பர்சார்ஜர் போட்டால் எத்தனை குதிரை கூடும்?" கார் பிரியர்கள் இரண்டு பேர் சந்தித்தால் எழும் முதல் கேள்விகளுள் இதுவும் ஒன்று. பதிலாக ஓர் எண் உடனே வந்துவிடும். அந்த எண் எப்படிக் கிடைத்தது, அதற்காக இயந்திரம் என்ன விலை கொடுத்தது என்று கேட்பவர்கள் குறைவு. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இந்த வாதம் இன்று தொடங்கியதல்ல என்பது தெரியும் நேயர்களே.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். காற்றைத்தான் இயந்திரம் தானாக மூச்சிழுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காற்றை வலுக்கட்டாயமாக உள்ளே தள்ளுவதே சூப்பர்சார்ஜரின் வேலை. இது இயந்திரத்தின் சுழற்சியிலிருந்தே பட்டை வழியாகவோ பற்சக்கரம் வழியாகவோ சக்தி பெற்று ஓடுகிறது. சம்பாதிப்பதில் ஒரு பங்கைத் தானே தின்றுவிட்டு மீதியைத் தருகிறது என்று சொல்லலாம்.

ஆலையில் பிறந்த கருவி

இதன் மூதாதை காருக்காகப் பிறக்கவே இல்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரில் கம்பளி ஆலை நடத்திய ரூட்ஸ் சகோதரர்கள், 1860-ல் ஒரு காற்று ஊதிக்குக் காப்புரிமை பெற்றார்கள். இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதப் பயன்பட்ட அந்தக் கருவிதான் பின்னாளில் கார் இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

முதல் உலகப் போருக்குப் பிறகு, 1921-ல் பெர்லின் கார் கண்காட்சியில் மெர்சிடிஸ் நிறுவனம் சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களைக் காட்சிக்கு வைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் கார்களின் பெயரிலேயே கணக்கு எழுதப்பட்டது. உதாரணமாக 10/40/65 என்ற பெயரில் முதல் எண் வரிக்கானது. இரண்டாவது ஊதி இல்லாத சக்தி. மூன்றாவது ஊதி இயங்கும்போது கிடைக்கும் சக்தி. ஓட்டுநர் மிதியை முழுவதும் அழுத்தினால்தான் ஊதி வேலை செய்யும். தேவைப்படும் சில நொடிகளுக்கு மட்டுமே அந்தக் கூடுதல் பலம் என்று வடிவமைத்தவர்கள் வரையறுத்து வைத்திருந்தார்கள்.

பென்ட்லி தந்த பாடம்

இந்த வரலாற்றில் மிகச் சுவையான அத்தியாயம் இங்கிலாந்தில் நடந்தது. பென்ட்லி நிறுவனத்தை உருவாக்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு சூப்பர்சார்ஜர் பிடிக்காது. அதிக சக்தி வேண்டுமா, பெரிய இயந்திரம் செய்யுங்கள் என்பது அவர் கட்சி. பந்தய வீரர் டிம் பர்கின் எதிர்க்கட்சி. செல்வச் சீமாட்டி டோரதி பேஜட் பணம் கொடுக்க, அம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியாளர் ஊதியை வடிவமைத்தார். நாலரை லிட்டர் பென்ட்லி இயந்திரம் சாதாரணமாக 110 குதிரைச் சக்தி தந்தது. ஊதி பொருத்திய சாலைக் கார் 175-ஐயும் பந்தயக் கார் 240-ஐயும் எட்டின.

இரண்டு கட்சிகளுக்கும் பரீட்சை 1930-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வந்தது. கரட்சியோலா ஓட்டிய மெர்சிடிஸ் எஸ்எஸ்கே காரை பர்கின் விரட்டினார். பாதைக்கு வெளியே புல் தரையில் சக்கரம் ஏற, டயர் கிழிந்து தொங்கிய நிலையிலும் அவர் முந்திச் சென்ற காட்சி இன்றும் பேசப்படுகிறது. ஆனால் முடிவு என்ன? மெர்சிடிஸ் இரவிலேயே பழுதாகி நின்றது. பர்கின் தரப்பின் இரு கார்களும் பந்தயத்தை முடிக்கவில்லை. வென்றது ஊதி இல்லாத ஆறரை லிட்டர் பென்ட்லி. இரண்டாம் இடமும் அதே வகைக் காருக்கே.

அதற்காக பர்கினின் கனவு பொய்த்தது என்று சொல்லிவிட முடியாது. அதே ஆண்டு போ நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியில் அவர் இரண்டாவதாக வந்தார். 1932-ல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் மணிக்கு சுமார் 222 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுற்றை முடித்துச் சாதனை படைத்தார். குறுகிய ஓட்டத்தில் வெற்றி, நெடும் ஓட்டத்தில் தோல்வி என்பதே அந்த ஊதி எழுதிய தீர்ப்பு.

எண்ணிக்கையில் ஒளிந்திருக்கும் சூட்சுமம்

போருக்குப் பின் அமெரிக்காவில் சூப்பர்சார்ஜர் தனியாக வாங்கிப் பொருத்தும் பண்டமாகப் பரவியது. மெக்கல்லாக் நிறுவனத்தின் ஊதி 1957 ஃபோர்ட் தண்டர்பேர்டில் ஏறியபோது, 245 குதிரைச் சக்தி 300 ஆனது. அந்த வழியில் வந்த பாக்ஸ்டன் ஊதியை, கரோல் ஷெல்பி 1966-ல் தம் ஜிடி350 காருக்குக் கூடுதல் வசதியாக விற்றார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து எண்களை இன்றைய எண்களோடு ஒப்பிடக் கூடாது. காற்று வடிகட்டி, புகைக்குழாய் போன்ற பாரங்கள் இல்லாமல் இயந்திரத்தைத் தனியே சோதித்துச் சொன்ன கணக்கு அது. 1971-ல் செவ்ரலே கார்வெட்டின் அடிப்படை இயந்திரம் 270 குதிரைச் சக்தி என்று விற்கப்பட்டது. 1972-ல் 200 என்றார்கள். பெரும்பகுதி மாறியது அளவுகோல்தான்!

இன்றும் அந்தக் குழப்பம் தீரவில்லை. தயாரிப்பாளர் சொல்வது இயந்திரத்தின் வாயிலில் அளந்த சக்தி. பட்டறையில் டைனோ உருளையின் மேல் காரை நிறுத்தி அளப்பது சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தி. வழியில் பல்சக்கரங்களும் அச்சுகளும் எடுத்துக்கொள்வது சுமார் 15 விழுக்காடு என்பது பட்டறைகளில் பொதுவாகப் போடும் கணக்கு. மேலும் அமெரிக்கத் தர அளவு 25 பாகை வெப்பத்துக்குச் சரிசெய்யப்பட்டது. மலேசியா, சிங்கப்பூரின் நண்பகல் வெயிலில் அதே கார் அந்த அளவுக்கு இழுக்காது.

ஊதியோடு என்னென்ன வேண்டும்?

2009-ல் வந்த கார்வெட் இசட்ஆர்1 இதற்கு நல்ல சான்று. சாதாரண கார்வெட்டின் 6.2 லிட்டர் இயந்திரம் 430 குதிரைச் சக்தி தந்தது. அதே கொள்ளளவில் சூப்பர்சார்ஜர் பொருத்திய இசட்ஆர்1 தந்ததோ 638. ஊதியை மட்டும் வைத்து அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. அழுத்த விகிதத்தை 10.7-லிருந்து 9.1-ஆகக் குறைத்தார்கள். பலமான பிஸ்டன்களையும் டைட்டானியம் தண்டுகளையும் போட்டார்கள். காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலரும் வைத்தார்கள். காரணம், அழுத்தப்படும் காற்று சூடாகும். சூடு மிஞ்சினால் எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனை உடைக்கும்.

வெளிச்சந்தையில் கால்லவே நிறுவனம் அதே 430 குதிரைச் சக்தி கார்வெட்டுக்கு எஸ்சி606 என்ற பெயரில் 606 குதிரைச் சக்தி கொடுத்தது. ஏறக்குறைய 41 விழுக்காடு உயர்வு. நிதானமான அழுத்தம், சரியான எரிபொருள் அளவு, குளிர்விப்பு மூன்றும் சேர்ந்தால் இது முடியும். மலிவு விலைக்கு ஊதியை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு, கிளட்சையும் பிரேக்கையும் டயரையும் மறந்தவர்களுக்குத்தான் சோதனை. கூடிய வேகத்தை நிறுத்தவும் வழி வேண்டுமல்லவா?

மயிலிறகு ஏற்றிய வண்டியை வள்ளுவர் காட்டியது நேயர்களுக்கு நினைவிருக்கும். மெர்சிடிஸ் பொறியாளர்கள் அந்த எல்லையை மிதியிலேயே வைத்தார்கள். பர்கின் அதைத் தாண்டிப் பார்த்து, புகழையும் தோல்வியையும் சேர்த்தே பெற்றார். இனி யாராவது எத்தனை குதிரை கூடியது என்று பெருமை பேசினால், எங்கே அளந்தீர்கள், எத்தனை காலம் தாங்கியது என்று அடுத்த கேள்வியையும் கேட்போம்.