தி ஹூ நடிச்ச படங்களும் நம்ம ஊர்க் காதுகளும்

மக்களே, இன்னிக்கு ஒரு நீளமான இழை. மருத்துவப் பதிவு எதிர்பார்த்து வர்றவங்க கொஞ்சம் பொறுத்துக்கங்க. மருத்துவமும் வரும், ஆனா தொடங்கப் போறது சினிமாவில் இருந்து.

"டாக்டர், நீங்க அடிக்கடி போடுற அந்த நாலு பேரோட போட்டோ, அவங்க யாரு?"ன்னு நிறைய பேர் கேக்குறீங்க. பதில் கேள்விலேயே இருக்கு. அந்தக் குழுவோட பேரே 'யாரு'தான். தி ஹூ. 1964-ல் லண்டனில் ஒன்றுசேர்ந்த ராக் இசைக்குழு. ரோஜர் டால்ட்ரி பாட்டு, பீட் டவுன்ஷெண்ட் கிட்டார், ஜான் என்ட்விசில் பேஸ் கிட்டார், கீத் மூன் டிரம்ஸ். (உலக சுகாதார நிறுவனத்துக்கும் இங்கிலீஷில் இதே மூணு எழுத்துதான். அவங்களும் பின்னாடி வருவாங்க.)

இந்த நாலு பேரும் சேர்ந்தும் தனியாவும் தலைகாட்டின படங்களில் எனக்குப் பிடிச்சதைத்தான் எழுதப் போறேன். விருதுநகர் மாவட்டத்தில் வைத்தியம் பார்க்கிற ஒருத்தன் கண்ணுக்கு இந்தப் படங்கள் கொஞ்சம் வேற மாதிரி தெரியும். காரணம் முதல் படத்தின் முதல் காட்சியிலேயே இருக்கு.

படம்: 'தி கிட்ஸ் ஆர் ஆல்ரைட்', 1979. எடுத்தவர் ஜெஃப் ஸ்டெய்ன்னு ஒரு அமெரிக்க ரசிகர். அதுக்கு முன்னாடி சினிமா எடுத்தவர் இல்லை. பழைய டிவி நிகழ்ச்சிகள், மேடைக் கச்சேரிகள்னு தேடித்தேடிச் சேர்த்து ஒட்டினார். கதைசொல்லி கிடையாது, வருஷ வரிசை கிடையாது. ரசிகன் எடுத்த படம்னு ஒவ்வொரு நிமிஷமும் தெரியும். அதனாலதான் எனக்கு இது முதல் இடம்.

ஆரம்பக் காட்சி 1967 செப்டம்பர், அமெரிக்க டிவியில் ஸ்மதர்ஸ் சகோதரர்கள் நிகழ்ச்சி. பாட்டு முடியும்போது கருவிகளை உடைக்கிறது இவங்க வழக்கம். டிரம்ஸுக்குள்ள கொஞ்சம் வெடிமருந்து வெச்சுப் 'படார்'னு வெடிக்க வைக்கிறது மூனோட கூடுதல் சேட்டை. அன்னிக்கு அளவு எக்கச்சக்கமாப் போச்சு. ஒரு நொடி திரை முழுக்க வெளிச்சம். அப்புறம் புகை. புகைக்குள்ள டவுன்ஷெண்ட் தலைமுடியைத் தட்டித்தட்டி அணைக்கிறார். சிம்பல் துண்டு ஒண்ணு மூனோட கையைக் கிழிச்சதுன்னு சொல்வாங்க. அவ்வளவுக்கும் பிறகு டவுன்ஷெண்ட் தள்ளாடிக்கிட்டே போய், நிகழ்ச்சி நடத்துறவர் கையில இருந்த கிட்டாரைப் பிடுங்கி அதையும் உடைக்கிறார். ஸ்டுடியோவில் ஒரே சிரிப்பு.

நம்ம பக்கம் இதைப் பார்த்து யாரும் உடனே சிரிக்க மாட்டாங்க.

1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்ததில் இருந்து, சிவகாசியில் 'மருந்து'ங்கிற வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம். நான் எழுதித் தர்றதும் மருந்து. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் சேர்ந்ததும் மருந்து. "மருந்துல வேலை பாக்குறேன்"னு ஒருத்தர் சொன்னா வெளியூர் டாக்டர் மெடிக்கல் ஷாப்னு நினைப்பார். உள்ளூர் டாக்டர் முதலில் கையைப் பார்ப்பார், அப்புறம் கண், அப்புறம் காது. மருந்து கலக்கிற அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம்னு சட்டமே இருக்கு. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கலை. முப்பதுக்கும் மேல உயிர் போச்சு. அந்த ஊர்க்காரன் கண்ணுக்கு, மூடின அறையில் சில அடி தூரத்தில் மருந்து வெடிக்கும்போது சிரிக்கிற கூட்டம் விசித்திரமாத்தான் தெரியும்.

சரி, அந்த வெடியில் ஒரு காதுக்குள்ள என்ன நடக்கும்?

ரெண்டு இடம் அடிபடலாம். ஒண்ணு செவிப்பறை. அது கிழிஞ்சா வலி, லேசா ரத்தம், கேட்கிறது மந்தம். சின்னக் கிழிசல் பெரும்பாலும் சில வாரத்தில் தானா மூடிடும். இன்னொண்ணு உள்ளே, நத்தைக்கூடு மாதிரிச் சுருண்ட காக்ளியா. அதில் மயிரிழை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற செல்கள், ஒரு காதுக்கு சுமார் 15,000. சத்தத்தை மூளைக்குப் போற சைகையா மாத்துறது இவைதான். செத்தா திரும்ப முளைக்காது. முளைக்க வைக்க இன்னிக்கு வரைக்கும் மருந்து இல்லை, ரெண்டு அர்த்தத்திலும்.

டவுன்ஷெண்டுக்குக் காதில் ஓயாத இரைச்சலும் கேட்கும் திறன் குறைவும் வந்தது உலகத்துக்கே தெரியும். ரசிகர்கள் எல்லாரும் அந்த 1967 வெடியைத்தான் காரணம் காட்டுவாங்க. கதைக்கு அது நல்லா இருக்கு. ஆனா டவுன்ஷெண்ட் தானே முக்கியக் காரணமாச் சொன்னது வேற: ஸ்டுடியோவில் வருஷக்கணக்கில் ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு சத்தமா வெச்சுக் கேட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. ஒரே நொடியில் முடிமேல தீப்பிடிச்ச மனுஷன், 'என் காதைக் கெடுத்தது ஹெட்ஃபோன்'ங்கிறார். மருத்துவமும் அதை மறுக்காது. அந்த வெடியும் ஒரு பங்கு கெடுத்திருக்கலாம். ஆனா காதைத் தேய்க்கிற பெரும்பாலான வேலை வலிக்காமத்தான் நடக்கும். முதலில் போறது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துச் சத்தம். பேச்சு கேட்கும், வார்த்தை பிரியாது. "காது கேக்குது டாக்டர், என்ன சொல்றாங்கன்னுதான் புரியல"ன்னு சொல்ற அந்தக் கட்டத்துக்குள்ள நிறைய செல்கள் போயிருக்கும்.

இப்ப ரெண்டு எண். 1976 மே 31, லண்டன் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் தி ஹூ கச்சேரி. உலகத்திலேயே சத்தமான கச்சேரின்னு கின்னஸில் ஏறினது. பதிவான அளவு ஒலிபெருக்கியில் இருந்து 32 மீட்டரில் 126 டெசிபல். (காதைக் கெடுக்கிற போட்டிக்குத் துணைபோக வேண்டாம்னு கின்னஸ் பின்னாடி அந்தப் பிரிவையே கைவிட்டது.) இன்னொரு எண் நம்ம ஊருது. 1999 விதிப்படி பட்டாசு வெடிக்கிற இடத்தில் இருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. ரெண்டையும் அளக்கிற முறை வேற, அப்படியே ஒப்பிட முடியாது. பட்டாசு ஒரு கணம், கச்சேரி மணிக்கணக்கு. ஆனாலும் அந்த மைதானத்தில் முன்வரிசையில் நின்ன பையனை நினைச்சா எனக்கு இப்பவும் காது கூசும்.

அடுத்த படம் 'மான்டரே பாப்', 1968-ல் வந்தது. பென்னிபேக்கர் எடுத்தது. கலிஃபோர்னியாவில் 1967 ஜூனில் நடந்த இசை விழா. அதே ஜூன் 18 அன்னிக்கு மதியம் பண்டிட் ரவிசங்கர் சிதார், ராத்திரி தி ஹூ. ராத்திரி டவுன்ஷெண்ட் கிட்டாரை மேடையில் அடிச்சு நொறுக்குறார். அவருக்குப் பின்னாடி வந்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கிட்டாரைக் கொளுத்துறார். இசைக்கருவியை இப்படி நடத்தினதில் ரவிசங்கர் மனசு ரொம்ப வேதனைப்பட்டது. கருவி அவருக்குச் சாமி. நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆயுத பூஜை அன்னிக்கு சிவகாசியில் அச்சு மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற தொழிலாளிக்கு ரவிசங்கர் பக்கம் புரியும். நான் தி ஹூ ரசிகன்தான், இந்த விஷயத்தில் ரவிசங்கர் கட்சி. இயக்குநரும் படத்தை முடிச்சது கிட்டார் உடைப்பில் இல்லை. ரவிசங்கரும் அல்லா ரக்காவும் சேர்ந்து வாசிக்கிற நீண்ட கச்சேரியோட முடிச்சார். கூட்டம் எழுந்து நிக்கிற அந்தக் கடைசி நிமிஷங்களுக்காகவே பார்க்கலாம்.

கருவியை உடைச்ச அதே டவுன்ஷெண்ட் பிறகு ஒரு இந்திய குருவோட பக்தர் ஆனார். பேர் மெஹர் பாபா. மஹாராஷ்டிரத்தில் அஹமத்நகர் பக்கம் ஆசிரமம். 1925 ஜூலை 10-ல் பேச்சை நிறுத்தினவர், 1969 ஜனவரி 31-ல் சமாதி ஆகும் வரை பேசவே இல்லை. எழுத்துப் பலகையைக் காட்டியும் சைகையாலும்தான் எல்லாம். உலகத்திலேயே சத்தமான குழுவோட பாட்டெழுதுறவர், 43 வருஷம் வாய் திறக்காத ஒருத்தரைத் தேடிப் போயிருக்கார். அவர் மறைஞ்ச சில மாதத்தில், 1969 மே மாதம், 'டாமி' இசைத்தட்டு வந்தது. கேட்காத, பேசாத, பார்க்காத ஒரு பையனோட கதை. இசைத்தட்டில் மெஹர் பாபாவுக்கு நன்றி போட்டிருக்கு.

கென் ரஸ்ஸல் அதை 1975-ல் படமா எடுத்தார். டாமியா ரோஜர் டால்ட்ரி, அம்மாவா ஆன் மார்கரெட். அந்த அம்மாவுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைச்சது. படத்தில் வசனம் அனேகமா இல்லை, எல்லாம் பாட்டு. ரொம்ப அதிகப்படியான படம்தான், சில இடம் எனக்கே தாங்காது. ஆனா டாக்டரா எனக்கு ஒரு காட்சி முக்கியம். போர் முடிஞ்சு திரும்பி வந்த அப்பாவை, அம்மாவோட புதுத் துணை கொல்றதைப் பையன் பார்த்துடுறான். 'நீ எதையும் பார்க்கலை, கேட்கலை, யாருக்கும் சொல்லக் கூடாது'ன்னு பெரியவங்க அவனை உலுக்குறாங்க. அதோட எல்லாம் அடைஞ்சு போகுது. பல வருஷம் கழிச்சு ஸ்பெஷலிஸ்ட்டா ஜாக் நிக்கல்சன் வர்றார் (ஆமா, அவரேதான், பாடவும் செய்வார்). சோதனை பண்ணிப் பார்த்தா கண்ணும் காதும் வேலை செய்யுது.

இது கதைக்காகக் கட்டினது மட்டும் இல்லை. உறுப்பு நல்லா இருந்தும், தாங்க முடியாத அதிர்ச்சிக்குப் பிறகு பார்வை, பேச்சு, நடை நின்னுபோறது உண்டு. அது நடிப்பு இல்லை, 'பேய் பிடிச்சது'ம் இல்லை. விபத்தைக் கண்ணால பார்த்த குழந்தை பேச்சை நிறுத்தினா, "வீட்டுல போட்டு மிரட்டாதீங்க, அடிச்சுப் பேச வைக்காதீங்க, மனநல மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க"ன்னுதான் நான் சொல்றது. காயம்பட்டவங்களை ஆம்புலன்ஸ் ஏத்திடும். பார்த்துக்கிட்டு நின்ன பிள்ளையை யாரும் கணக்கில் எடுக்க மாட்டாங்க.

டாமி படப்பிடிப்பில் நிஜத் தீவிபத்தும் உண்டு. 1974 ஜூன் 11, சவுத்ஸீ கடற்கரையில் இருந்த பழைய பாலக் கட்டடம் எரிஞ்சு போச்சு. படப்பிடிப்பு விளக்கோட சூட்டில் திரைச்சீலை பத்திக்கிச்சுன்னு சொல்வாங்க. நம்ம ஊர்க்காரங்க கேட்டா 'உராய்வா, சூடா'ன்னு முதல் கேள்வியே அதான் கேட்பாங்க.

மத்ததை வேகமாச் சொல்லிடுறேன். 'குவாட்ரோஃபீனியா' (1979) நல்ல படம், ஆனா இவங்க ஒரு டிவிக் காட்சியில் வந்து போறதோட சரி. 'மெக்விகர்' (1980) டால்ட்ரிக்கு உண்மையாவே நடிப்பு வரும்னு காட்டினது. சிறையில் இருந்து தப்பிச்ச நிஜக் கொள்ளைக்காரர் வேஷம். 'லிஸ்டோமேனியா' வேண்டாம், நேரம் மிச்சம். 'தட்ல் பி த டே' (1973) படத்தில் கீத் மூன் சின்ன வேஷத்தில் வருவார், அவருக்காகப் பார்க்கலாம்.

மூன் கதைதான் எனக்குக் கஷ்டமானது. 1978 செப்டம்பர் 6 ராத்திரி ஒரு சினிமா திரையிடல் விருந்துக்குப் போயிட்டு வந்தார். மறுநாள் இறந்து கிடந்தார். வயசு 32. குடியை நிறுத்தும்போது வர்ற நடுக்கத்துக்காக அவருக்குக் கொடுத்திருந்த க்ளோமெத்தியசோல் மாத்திரையே காரணம். வயித்தில் 32 மாத்திரை, கரைஞ்சது 6. அந்த ஆறே உயிரை எடுக்கப் போதுமா இருந்தது. இந்த வகை மாத்திரையை ஆஸ்பத்திரியில் கண்காணிச்சுக் கொடுக்கணும், குடிக்கிற ஆள் கையில் பாட்டிலோட கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. டிரம்ஸுக்குள்ள வெச்ச மருந்தில் தப்பிச்சவர், டாக்டர் எழுதின மருந்தில் போனார்.

மத்த மூணு பேர் காதும் தப்பலை. டவுன்ஷெண்ட் 1989 சுற்றுப்பயணத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாடி நின்னு, பெரும்பாலும் அகூஸ்டிக் கிட்டார் வாசிச்சார். 2002-ல் மாரடைப்பில் இறந்த என்ட்விசிலுக்குக் கடைசிக் காலத்தில் காது அனேகமாப் போயிடுச்சு. டால்ட்ரி 2018-ல் மேடையிலேயே 'எனக்குக் காது ரொம்ப மந்தம், நீங்க காதடைப்பான் போட்டுக்கங்க'ங்கிற அர்த்தத்தில் ரசிகர்கள்கிட்ட சொல்லிட்டார்.

இப்ப அந்த இன்னொரு ஹூ, உலக சுகாதார நிறுவனம். அவங்க சொல்ற பாதுகாப்பு எல்லை 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல்னா வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து கூடினதும் நேரம் பத்தில் ஒண்ணாகுது. பங்குனிப் பொங்கலுக்குக் கோயில் ஸ்பீக்கர் பக்கத்தில் கடை போடுறவங்க, அச்சகத்தில் மெஷினோட நிக்கிறவங்க, அதே சத்தத்தை மறைக்க இயர்போனில் பாட்டைக் கூட்டி வைக்கிற தம்பிகள், இந்தக் கணக்கு உங்களுக்குத்தான்.

பட்டாசு பக்கத்தில் வெடிச்சு காது அடைச்சா, நல்லெண்ணெய், பூண்டு காய்ச்சின எண்ணெய், தண்ணி எதையும் ஊத்தாதீங்க. செவிப்பறை கிழிஞ்சிருந்தா அது நேரா உள்ளே போகும். காதைக் காய்ந்த நிலையில் வைங்க. மறுநாளும் மந்தமோ இரைச்சலோ இருந்தா அன்னிக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க. உள்காது அடிபட்டிருந்தா ஸ்டீராய்டு முதல் சில நாளில் கொடுத்தாத்தான் பலன். "தீபாவளி முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்"ன்னு வந்தா என்கிட்ட கொடுக்க ஒண்ணும் இருக்காது.

எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம்னு கேட்பீங்க. 'தி கிட்ஸ் ஆர் ஆல்ரைட்'தான். கடைசிக் கச்சேரி 1978 மே 25-ல் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் இந்தப் படத்துக்காகவே நடத்தினது. மூனோட கடைசி மேடை அது. பதிவு பண்ணி வெச்ச சின்தசைசர் இசையோட தாளம் தப்பக் கூடாதுன்னு ஹெட்ஃபோனைத் தலையோட சேர்த்து டேப் சுத்தி ஒட்டிக்கிட்டு வாசிப்பார். கவனிச்சுப் பாருங்க. வால்யூம் பாதியில் வைங்க.