ரெறிக்கு ஒரு ரூனி

கனடாவில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிற வீடுகளுக்குச் செப்ரெம்பரில் ஒரு கடிதம் வரும். ரெறி பொக்ஸ் ஓட்டம் நடக்கப் போகுது, பிள்ளையிடம் ஒரு ரூனி கொடுத்து விடுங்கோ என்று இருக்கும். ரூனி என்றால் இரண்டு டொலர் நாணயம். எங்கட ஆக்கள் பலர் காசைக் கொடுத்துவிட்டு அத்தோடு மறந்துவிடுவார்கள். அந்தக் காசுக்குப் பின்னால் இருக்கிற கதையை ஒருக்கால் ஒழுங்காக எழுதி வைப்பம் என்று யோசித்தேன். ஊரிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வாசிக்கிற நண்பர்களுக்கும் உதவும்.

ரெறி பொக்ஸ் 1958இல் வினிப்பெக்கில் பிறந்து, பிரிட்டிஷ் கொலம்பியாவில் போர்ட் கொக்கிற்லம் என்ற ஊரில் வளர்ந்தவர். கூடைப்பந்துப் பைத்தியம். 1977 மார்ச்சில், 18 வயதில், எலும்புப் புற்றுநோய் என்று கண்டுபிடித்து வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் இரவு அவருடைய பழைய பயிற்சியாளர் ஒரு சஞ்சிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கால் இல்லாமல் நியூயோர்க் மரதன் ஓடிய டிக் ரோம் என்பவரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. விதை அங்கேதான் விழுந்தது.

இன்னொரு விசயமும் அவரை உலுக்கியிருக்கிறது. அவர் உயிர் தப்ப 50 வீத வாய்ப்பு இருக்கு என்று வைத்தியர்கள் சொன்னார்கள். இரண்டு வருடம் முந்தி இதே நோய் வந்திருந்தால் 15 வீதம்தானாம். இடையில் நடந்தது ஆராய்ச்சி. யாரோ முகம் தெரியாத ஆட்கள் முன்னமே கொடுத்த காசில்தான் தனக்கு இந்த வாய்ப்புக் கிடைத்தது என்று பெடியனுக்கு விளங்கிவிட்டது. சிகிச்சைக்குப் போன இடத்தில் சின்னப் பிள்ளைகள் படுகிற பாட்டையும் பார்த்திருக்கிறார். கனடாவைக் குறுக்கே ஓடிக் கடந்து ஆராய்ச்சிக்குக் காசு சேர்ப்பது என்று முடிவெடுத்தார். 5000 கிலோமீற்றருக்கு மேல் ஓடிப் பயிற்சி எடுத்தார்.

1980 ஏப்ரல் 12, நியூபவுண்ட்லாந்தின் சென்ற் ஜோன்ஸ் நகரம். செயற்கைக் காலை அத்திலாந்திக் கடலில் நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினார். கூட்டமில்லை, பெரிய செய்தியுமில்லை. நண்பர் ஒருவர் வானில் கூடவே போனார். முதல் நாட்களிலேயே காற்று, மழை, பனி. அந்தத் தீவின் மறுகரையில் உள்ள போர்ட் ஓ பாஸ்க் என்ற ஊரில்தான் மனம் தேறியது. ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்த அந்த ஊர் 10,000 டொலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்தது. ஆளுக்கு ஒரு டொலர்! பிறகு அவருடைய இலக்கும் அதுவே ஆனது, கனடியர் ஒவ்வொருவருக்கும் ஒரு டொலர்.

ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு மரதன் தூரம். நல்ல காலால் இரண்டு எட்டு, செயற்கைக் காலால் ஒரு எட்டு என்று நொண்டி நொண்டித்தான் ஓடுவார். ஒன்ராறியோவுக்குள் வந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. செப்ரெம்பர் 1ஆம் திகதி, 143ஆவது நாள், 5373 கிலோமீற்றர் முடிந்த நிலையில், தண்டர் பே நகருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. உங்களுக்காக நாங்கள் ஓடி முடிக்கிறோம் என்று வந்தவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தானே திரும்பி வந்து முடிக்க ஆசை.

அது நடக்கவில்லை. ஆனால் 1981 பெப்ரவரி 1ஆம் திகதி, சேர்ந்த தொகை 2 கோடி 41 இலட்சம் டொலரைத் தாண்டியது. அன்றைக்குக் கனடாவின் சனத்தொகையும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதே வருடம் ஜூன் 28இல், 23ஆவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கையில் இறந்துபோனார்.

1981 செப்ரெம்பர் 13இல் முதலாவது ரெறி பொக்ஸ் ஓட்டம் நடந்தது. 760க்கு மேற்பட்ட இடங்கள், 3 இலட்சம் பேர், 35 இலட்சம் டொலர். போட்டி கிடையாது, முதலாமிடம் கிடையாது. ஓடலாம், நடக்கலாம், சைக்கிளிலும் போகலாம். பிள்ளைகளுக்கு இது பொருந்திப் போனதுக்குக் காரணமே இதுதான் என்று நினைக்கிறேன். வகுப்பில் கடைசியாக ஓடுகிற பிள்ளைக்கும் இதில் இடம் இருக்கு. ரெறியின் தாயார் பெற்றி பொக்ஸ் 2011இல் இறக்கும்வரை இந்தப் பணியில் இருந்தார், பள்ளிக்கூடங்களுக்கும் போய்ப் பேசினார். 25ஆவது ஆண்டான 2005இல், ஒரே நாளில் ஏறத்தாழ 30 இலட்சம் மாணவர்கள் ஓடினார்கள். இதுவரை சேர்ந்தது 85 கோடி டொலருக்கும் மேல்.

என் மகள் முதலாம் வகுப்பில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வந்து, "அப்பா, அவர் ஓடி முடிக்கேல்லையாம். பிறகேன் எல்லாரும் ஓடீனம்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. வென்றவர்களின் கதையைத்தான் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். இங்கே ஆசிரியர்கள் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஒளிக்காமல் சொல்கிறார்கள்: அவருக்குக் கான்சர் வந்தது, ஓடினார், முடிக்க முதல் இறந்துபோனார், மிச்சத்தை நாங்கள் ஓடுறம். பாவம் பார்த்துப் போடுகிற காசாக அதைச் சொல்வதில்லை. முன்னால் ஒருவர் கொடுத்ததை அடுத்தவருக்குக் கொடுக்கிற கதையாகச் சொல்கிறார்கள். 15 வீதம் 50 ஆனதும் அப்படித்தானே.

எங்கட வீடுகளில் அந்த நோயின் பெயரையே சொல்லமாட்டோம். "அந்த வருத்தம்" என்போம், பிள்ளை அறைக்குள் வந்தால் கதையை மாற்றுவோம். ஓட்டத்துக்கு முதல்நாள் சட்டையில் ஒட்டுகிற ஒரு ஸ்ரிக்கர் கொடுத்து விடுவார்கள். "நான் இன்னாருக்காக ஓடுகிறேன்" என்று பெயர் எழுதவேண்டும். ஆற்றை பெயரை எழுதிறது என்று மகள் கேட்டாள். அம்மம்மாவின் பெயரை எழுதச் சொன்னேன்.

"அம்மம்மாவுக்கும் கான்சரோ?"

"ஓம்."

மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ரெண்டு ரூனி தாங்கோ" என்றாள்.

உங்கட வீடுகளில் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்கிறீர்கள்? சொல்லுங்கோ, கேட்க ஆசை.